புதுசா வாங்கின பழைய பிக்கப்: கரண்டு கோளாறு பார்த்தவங்க ஆளாளுக்குச் சொன்ன அனுபவங்கள்

மன்னை வயரிங்

சாவியைத் திருப்பினதும் ஸ்டாப் கேபிள், அதான் இன்ஜினை நிறுத்த இழுக்கற கேபிள், புகைஞ்சது. பழைய டீசல் பிக்கப், கை மாறி வந்த வண்டி. செல்ஃப் அடிச்சா 'டக்'குனு ஒரு சத்தம், அப்புறம் முக்கி முக்கி அரைச் சுத்து. பேட்டரி புதுசு. செல்ஃப் மோட்டாரைக் கழட்டி பிரஷ், புஷ் ரெண்டும் மாத்தியாச்சு, வண்டி அப்படியேதான். பானெட்டைத் திறந்து வெச்சு உள்ளேருந்து ஒருத்தர் செல்ஃப் அடிச்சப்போதான் தெரிஞ்சுது: டேஷ்போர்டுலேருந்து பம்புக்கு வர்ற ஸ்டாப் கேபிளோட பிளாஸ்டிக் உறை இளகிப் புகையுது.

இன்ஜினுக்கும் சேசுக்கும் நடுவுல இருக்கவேண்டிய பின்னல் எர்த் பட்டை இல்லை. கிளட்ச் வேலைக்குக் கியர்பாக்ஸை இறக்கினவங்க திரும்ப மாட்டலை. இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல உட்கார்ந்திருக்கு, பாடியோட அதுக்கு நேரடி இரும்புத் தொடர்பு கிடையாது. டீசல் செல்ஃப் 200 ஆம்பியருக்கு மேல இழுக்கும். அத்தனை கரண்டும் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பக் கிடைச்ச வழி அந்த மெல்லிசு கேபிள்தான்.

இதைப் பார்க்க எதையும் கழட்ட வேண்டாம். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில வைங்க. கருப்பு முனை பேட்டரி நெகட்டிவ் தூண் மேலேயே இருக்கணும், கிளாம்பு மேல இல்லை. சிவப்பு முனை இன்ஜின் பிளாக்குல, பெயிண்ட் இல்லாத இடத்துல. பம்புல ஸ்டாப் லீவரைக் கையால பிடிச்சுக்கிட்டு ஒருத்தரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. 0.2 வோல்ட்டுக்குள்ள நின்னா எர்த் நல்லா இருக்கு. 0.5 தாண்டினா கோளாறு எர்த்துலதான், செல்ஃப் மோட்டாரைக் கழட்டாதீங்க. அடுத்தது பாசிட்டிவ் பக்கம்: பேட்டரி பாசிட்டிவ் தூணுக்கும் செல்ஃப் மோட்டாரோட பெரிய போல்ட்டுக்கும் நடுவுல அடிக்கும்போது 0.5க்குள்ள இருக்கணும். கூட இருந்தா கேபிள் லக்கு (முனையில இருக்கிற கண்ணி), சாலினாய்டு (செல்ஃபுக்குக் கரண்டு விடற காந்த ஸ்விட்ச்) பாயிண்ட்னு ஒவ்வொரு இணைப்பாப் பிரிச்சு அளந்தா எங்க விழுங்குதுன்னு தெரிஞ்சிடும்.

சரி பண்ண: பெல் ஹவுசிங் (இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ற கூடு) போல்ட்லேருந்து சேசுக்கு 35 சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிள், ரெண்டு முனையிலும் கிரிம்ப் பண்ணின லக்கு. லக்கு உட்கார்ற இடத்தை உப்புத்தாள் போட்டு இரும்பு மின்னுற வரைக்கும் தேய்க்கணும், ஸ்டார் வாஷர் வெச்சு முறுக்கணும், அதுக்கு அப்புறம்தான் வாசலின். முதல்லயே தடவிட்டு முறுக்கற பழக்கம் பல பட்டறையில இருக்கு, அது தப்பு. கருகின ஸ்டாப் கேபிளையும் மாத்திடுங்க. உள்ளே ஒட்டிக்கிட்டா இன்ஜினை நிறுத்த முடியாது.

நாகை லோடு

மன்னை அண்ணன் சொன்னதோட இன்னொரு முகம். பிரேக்கை மிதிச்சா வலது இண்டிகேட்டர் மங்கலா எரியுது, டெயில் லைட் அணையுது, டேஷ்போர்டு விளக்கு லேசா ஒளிருது. மீன் பெட்டி ஏத்தின வண்டி. ஐஸ் உருகின உப்புத்தண்ணி பின்பலகை வழியா வருஷக்கணக்கா விளக்குக் கூட்டுக்குள்ள இறங்கியிருக்கு.

பின்விளக்குக்குத் தனி எர்த் வயர் கிடையாது, கூட்டைப் பலகையில பிடிக்கிற திருகுதான் எர்த். அந்தத் திருகு துருப்பிடிச்சா பல்புக்குத் திரும்பற வழி அடைபடும். 21/5 வாட் பல்புல ரெண்டு இழை (21 பிரேக்குக்கு, 5 டெயிலுக்கு), ரெண்டுக்கும் எர்த் ஒண்ணுதான். பிரேக் இழைக்கு வந்த கரண்டு போக வழியில்லாம 5 வாட் இழை வழியா டெயில் வயர்ல பின்னாடி ஓடி, முன் பார்க்கிங் விளக்கு, டேஷ் விளக்கு வழியா எர்த்தைத் தேடும். அதனாலதான் சம்பந்தமில்லாத விளக்கெல்லாம் எரியுது. ஸ்விட்ச் மாத்தறது, பிளாஷர் மாத்தறதெல்லாம் வீண்செலவு. பேட்டரி நெகட்டிவ்லேருந்து ஒரு நீள வயரை எடுத்து விளக்குக் கூட்டுல தொட்டுப் பாருங்க. எல்லாம் சரியாச்சுன்னா முடிஞ்சது.

ரெண்டு பின்விளக்குக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் கருப்பு வயர் தனியா இழுத்து, சேசுல முன்பக்கம், தண்ணி படாத இடத்துல போல்ட் போடுங்க. பலகைக்குக் கீழே மறுபடியும் திருகினா மறுபடியும் இதே கதைதான்.

கடலோர வண்டி வாங்கறவங்க இதைக் கட்டாயம் பாருங்க: வயர் முனையைச் சீவினா செம்பு கறுத்துப்போய் இருக்கும். உப்பு ஈரம் உறைக்குள்ளேயே ஏறிப் போயிடும். கறுத்த செம்புல ஈயம் ஒட்டாது, கிரிம்ப் பண்ணினாலும் சூடாகும். செம்பு பளிச்சுன்னு தெரியற வரைக்கும் வெட்டிட்டே போகணும். ஒரு முழம் வெட்டியும் கறுப்பாவே இருந்தா அந்த வயரை முழுசா மாத்துங்க. ஹோல்டர்ல பச்சைக் களிம்பு பூத்திருந்தா சுரண்டிட்டு மாட்டறதுல பிரயோஜனம் இல்லை, புது ஹோல்டர் போடுங்க.

குடந்தை டீசல்

எர்த் எர்த்னு எல்லாத்தையும் அதுல தள்ளிட முடியாது. காலையில பேட்டரி படுத்துக்கற வண்டிக்கு எர்த் பார்த்து என்ன பண்றது?

ராத்திரி முழுக்க நின்ன பிக்கப். விடியற்காலையில, இன்னும் ஸ்டார்ட் பண்ணலை, இன்ஜின் சில்லுன்னு இருக்கு. பேட்டரியைச் சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர் மேல கை வெச்சா வெதுவெதுன்னு இருக்கு. அதுக்குள்ள கரண்டை ஒரே பக்கம் மட்டும் விடவேண்டிய டயோடு கசியுது. பேட்டரி ராத்திரி பூரா ஆல்டர்னேட்டருக்குள்ள வடிஞ்சிருக்கு.

அளக்கற முறை: சாவியை ஆஃப் பண்ணி எடுத்துடுங்க, கேபின் விளக்கு அணைஞ்சிருக்கணும். பேட்டரி நெகட்டிவ் கேபிளைக் கழட்டி, கேபிளுக்கும் தூணுக்கும் நடுவுல மீட்டரை 10 ஆம்பியர்ல மாட்டுங்க. மீட்டர் மாட்டியிருக்கும்போது செல்ஃப் அடிக்கவே கூடாது, மீட்டர் ஃபியூஸ் போயிடும். எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லாத பழைய வண்டியில கிட்டத்தட்ட சைபர் காட்டணும். 50 மில்லி ஆம்பியருக்கு மேல போனா எங்கேயோ கசியுது. 1.5 ஆம்பியர் கசிஞ்சா பத்து மணி நேரத்துல 15 ஆம்பியர்-மணி போச்சு. 60 ஆம்பியர்-மணி பேட்டரியில கால் பங்கு அது.

எல்லாரும் ஃபியூஸை ஒண்ணொண்ணாப் பிடுங்கிப் பார்த்துட்டு 'கசிவு இல்லை'ன்னு முடிச்சிடறாங்க. பழைய வண்டியில ஆல்டர்னேட்டரோட மெயின் வயர் ஃபியூஸ் பெட்டி வழியா வராது, நேரா வருது. மீட்டர் மாட்டறதுக்கு முன்னாடியே அந்த வயரைக் கழட்டி, முனைக்கு டேப் சுத்தி ஒதுக்கிட்டுப் பாருங்க. எண்ணு சைபருக்கு விழுந்தா டயோடு பிளேட்தான். வண்டி ஓடும்போது சோதிக்கணும்னா, பேட்டரி மேல மீட்டரை ஏசி வோல்ட்ல வைங்க, அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா டயோடு சந்தேகம். சில மலிவு மீட்டர் ஏசியில வெச்சாலும் டிசியைக் கலந்து காட்டும். இன்ஜினை நிறுத்திட்டு ஒரு தடவை வெச்சுப் பாருங்க. அப்பவும் எண்ணு வந்தா அந்த மீட்டரை நம்பவேண்டாம்.

சார்ஜ் லைட் பல்பையும் பாருங்க. சாவி போட்டா எரியணும், ஸ்டார்ட் ஆனா அணையணும். அந்தச் சின்ன பல்பு வழியாத்தான் ரோட்டாருக்கு (ஆல்டர்னேட்டருக்குள்ள சுத்தற காந்தச் சுருள்) முதல் கரண்டு போகுது. பல்பு பியூஸ் ஆனா பல வண்டியில ஆல்டர்னேட்டர் எழும்பாது. நல்லா இருக்கிற ஆல்டர்னேட்டரை இதுக்காக மாத்தினவங்க உண்டு.

ஓரத்தநாடு

இங்க எல்லாரும் ஆல்டர்னேட்டர் பத்தியே பேசறீங்க. அதுக்கு முந்தின காலத்து டைனமோவும், அதோட சார்ஜைக் கட்டுப்படுத்தற கட்அவுட் பெட்டியும் இருக்கிற வண்டி இன்னும் தேங்காய் மண்டிகள்ல ஓடிக்கிட்டுதான் இருக்கு. ஒரு வண்டியில பேட்டரி கொதிச்சுது. மூடித் துளையிலேருந்து ஆசிட் குமிழி வெளிய வருது, ஆக்ஸிலேட்டர் கொடுக்கக் கொடுக்க ஹெட்லைட் வெளுத்துக்கிட்டே போகுது. கட்அவுட் பெட்டியில 'இ' (எர்த்) முனை வயர் அறுந்து தொங்குச்சு. ரெகுலேட்டர் சுருளுக்கு எர்த் போச்சுன்னா பாயிண்ட் திறக்காது, டைனமோ கட்டுப்பாடில்லாம ஊத்தும். ஒரு சாண் கருப்பு வயர்ல முடிஞ்ச வேலை. குடந்தை அண்ணே, இதுவும் எர்த்துதான்.

சார்ஜே ஏறலைன்னா: டைனமோவுல 'டி' (கரண்டு வெளிய வர்றது), 'எஃப்' (ஃபீல்டு சுருளுக்குப் போறது) வயர் ரெண்டையும் கழட்டுங்க. அந்த ரெண்டு முனையையும் சின்ன வயரால சேர்த்து, மீட்டரை அதுக்கும் பாடிக்கும் நடுவுல வைங்க. இன்ஜினை மெதுவா ஏத்துங்க. நிமிஷத்துக்கு 1000 சுத்துக்குள்ள 20 வோல்ட் வரணும், வந்ததும் நிறுத்திடுங்க, அதுக்கு மேல விரட்டக் கூடாது. ஒண்ணுமே வரலைன்னா பிரஷ். அரை, ஒரு வோல்ட்ல நின்னா ஃபீல்டு சுருள். நாலஞ்சு வோல்ட்ல நின்னா ஆர்மேச்சர் (உள்ளே சுத்தற சுருள்). 20 வந்துச்சுன்னா டைனமோ நல்லா இருக்கு, கட்அவுட் பெட்டியையும் அதுக்குப் போற வயரையும் பாருங்க.

ரொம்ப நாள் நின்ன வண்டிக்கும் பேட்டரி மாத்திப் போட்ட வண்டிக்கும் டைனமோவைத் துருவப்படுத்தணும், அதாவது அதோட காந்தத்தை பேட்டரிக்குப் பொருந்தற பக்கமாத் திருப்பணும். 'எஃப்' வயரைக் கழட்டிட்டு, பேட்டரியில எர்த் ஆகாத முனையிலேருந்து ஒரு வயர் எடுத்து டைனமோவோட 'எஃப்' முனையில சட்டுச் சட்டுன்னு சிலமுறை தொட்டா போதும். கட்அவுட் பாயிண்டை எமரி போட்டுத் தேய்க்காதீங்க, மெல்லிசுக் கண்ணாடித்தாள் போதும்.

மாயவரம் பட்டறை

ஓரத்தநாடு அய்யா, மன்னிக்கணும், டைனமோவையே வெச்சு ஓட்டறதை ஒத்துக்க முடியலை. அந்தக்கால லூகாஸ் கம்பெனி சி40/1 டைனமோவோட உச்சமே 22 ஆம்பியர். ஐடிலிங்ல அதுவும் வராது. 60/55 வாட் ஹெட்லைட் ரெண்டுக்கே 10 ஆம்பியர். டெயில், பார்க்கிங், வைப்பர், ஹார்ன்னு சேர்த்தா ஐப்பசி மழையில ராத்திரி ஓட்டற லோடு வண்டிக்குப் பத்தாது. தினம் ஓடற வண்டின்னா ஆல்டர்னேட்டருக்கு மாறுங்க. காட்சிக்கு வைக்கற வண்டின்னா டைனமோ இருக்கட்டும்.

ஆனா மாத்தறப்போ செய்யற வேலையில பாதிதான் நடக்குது. ஆல்டர்னேட்டரைப் பூட்டிட்டு, பழைய டைனமோ வயரையே அதுல மாட்டிடறாங்க. 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்குக் குறைஞ்சது 6 சதுர மில்லிமீட்டர் வேணும், 10 இருந்தா நிம்மதி. டேஷ்போர்டுல ரெண்டு பக்கமும் முப்பது வரைக்கும் காட்டற ஆம்பியர் மீட்டர் இருந்தா, கரண்டு அது வழியாப் போகாம கட்டாயம் சுத்துவழியில விடணும். மெயின் வயரை நேரா பேட்டரிக்குக் கொண்டுபோங்க, ஆம்பியர் மீட்டருக்குப் பதிலா வோல்ட் மீட்டர் போடுங்க. இறங்கின பேட்டரியோட ஸ்டார்ட் பண்ணின உடனே முழு சார்ஜும் அந்த மீட்டர் வழியா ஓடினா டேஷுக்குப் பின்னாடி தீ.

பேட்டரிக்குக் கிட்டயே 60 ஆம்பியர் பட்டை ஃபியூஸ் ஒண்ணு போடுங்க, செல்ஃப் கேபிளை மட்டும் அதுல சேர்க்காம. பழைய லூகாஸ் வயரிங்ல பழுப்பு நிற வயருக்கு ஃபியூஸே கிடையாது, எப்பவும் கரண்டு இருக்கும். வெள்ளை சாவிக்கு அப்புறம், பச்சை சாவிக்கும் ஃபியூஸுக்கும் அப்புறம், நீலம் ஹெட்லைட், சிவப்பு டெயில், கருப்பு எர்த். சம்பா அறுப்பு முடிஞ்சு வைக்கோல் ஏத்தற மாசத்துல ஃபியூஸ் பெட்டிக்குப் பின்னாடி எலி கூடு கட்டும். அது பழுப்பு வயரைக் கடிச்சு வெச்சா, சாவி ஆஃப்ல இருக்கிற வண்டியே எரியும். வைக்கோல் ஏத்தற வண்டிக்கு நெகட்டிவ்ல ஒரு கட்-ஆஃப் ஸ்விட்ச், ராத்திரி நிறுத்தினதும் திருப்பிடுங்க. செலவு ரொம்பக் கம்மி. இதை யாரும் கேக்கலைன்னாலும் சொல்லாம இருக்க முடியலை.

சீர்காழி

ஹெட்லைட்டை ஹை, லோ மாத்தற டிப் ஸ்விட்ச் கைப்பிடி உருகி விரல்ல ஒட்டுச்சு. முந்தின ஓனர் வெளிச்சம் பத்தலைன்னு 100/90 வாட் பல்பு போட்டிருக்கார், ரிலே (சின்னக் கரண்டால பெரிய கரண்டைத் திறந்து மூடற ஸ்விட்ச்) இல்லை. ரெண்டு பல்பும் சேர்ந்து 16 ஆம்பியருக்கு மேல, அத்தனையும் அந்தச் சின்ன ஸ்விட்ச் வழியா. பேட்டரியில 12.6, பல்பு ஹோல்டர்ல 10.2 வோல்ட். வோல்ட் பத்துல ஒரு பங்கு குறைஞ்சாலே வெளிச்சம் கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு போயிடும், அதனால பெரிய பல்பு போட்டும் இருட்டுதான்.

சரி பண்ண: 60/55 பல்பு, ஹைக்கு ஒண்ணு லோவுக்கு ஒண்ணுன்னு 40 ஆம்பியர் ரிலே ரெண்டு. ரிலேயோட 30ஆம் முனைக்கு பேட்டரியிலேருந்து 20 ஆம்பியர் ஃபியூஸ் வழியா 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், 87 பல்புக்கு, 86 டிப் ஸ்விட்ச்லேருந்து வர்ற பழைய வயர், 85 எர்த். ரிலேயைப் பின் கீழ்நோக்கி இருக்கிற மாதிரி மாட்டுங்க, தண்ணி நிக்காது.

மன்னை வயரிங்

மாயவரம் தம்பி சொன்ன ஃபியூஸ் கணக்கு சரி. ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி உள்ளே சூடு ஏத்தறது) இருக்கிற இன்ஜின்ல மட்டும் அந்த லைனைத் தனியா எடுங்க. நாலு பிளக்கும் இணையா இருந்தா சேர்ந்து 40 ஆம்பியருக்கு மேல இழுக்கும், 60 ஆம்பியர் ஃபியூஸ்ல மத்ததோட சேர்த்தா போயிடும். பிளக் நல்லா இருக்கான்னு பார்க்க, மேல இருக்கிற இணைப்புப் பட்டையைக் கழட்டி, டெஸ்ட் லாம்ப்போட கிளிப்பை பேட்டரி பாசிட்டிவ்ல மாட்டி, முனையை ஒவ்வொரு பிளக் தலையிலும் தொடுங்க. எரியாத பிளக் செத்தது. பட்டையைக் கழட்டாம தொட்டா எல்லாமே எரியும். மீட்டர் வெச்சா நல்ல பிளக் ஒரு ஓம் சுமாருக்கு வரும். டிஐ (நேரா சிலிண்டருக்குள்ளேயே டீசல் தெளிக்கற) இன்ஜின்னா முதல்ல பிளக் இருக்கான்னு பாருங்க, அந்தக்கால டிஐ வண்டிகள் பலதுல ஹீட்டர் பிளக் கிடையாது.