புது ஸ்க்ரீன் மாட்டியாச்சு, ஸ்டீயரிங் பட்டன் எடுக்கல

குழு: பெரியவீட்டுச் சொந்தங்கள்

கார்த்தி: மாமா, ஸ்விஃப்ட்ல 9 இன்ச் ஆண்ட்ராய்டு ஸ்க்ரீன் மாட்டியாச்சு. ஸ்டீயரிங்ல இருக்கிற பட்டன் ஒண்ணுகூட எடுக்கல. சாவிய ஆஃப் பண்ணிப் போட்டா சவுண்ட் செட்டிங், கடிகாரம் எல்லாம் அழிஞ்சிடுது. ராத்திரி வெளிச்சம் கண்ணுல அடிக்குது. கடையில கேட்டா ஸ்டீயரிங்ல ஒட்டுற ரிமோட் தர்றேங்கிறாங்க.

செல்வம் மாமா: ரிமோட் வேணாம் மாப்ள. நடு பேட்ல எதையுமே ஒட்டக்கூடாது, உள்ள ஏர்பேக் இருக்கு. அது விரியும்போது ரிமோட் நேரா முகத்துக்கு வரும். உன் வண்டில பட்டன் நல்லாத்தான் இருக்கும், ஒயர்தான் சேர்த்திருக்க மாட்டாங்க.

செல்வம் மாமா: செட்டோட பின்னாடி ஒயர் கொத்துல கீ 1, கீ 2ன்னு எழுதின மெல்லிசு ஒயர் ரெண்டு சும்மா தொங்குதான்னு பாரு. வண்டியோட பழைய பிளக்ல ஸ்டீயரிங்ல இருந்து வர்ற சிக்னல் ஒயர் ஒண்ணு, அதோட எர்த் ஒண்ணு இருக்கும். செட் பிளக்கைக் கழட்டிட்டு அந்த ரெண்டுலயும் மல்டிமீட்டர ஓம்ஸ்ல (மின்தடை அளக்கிற இடத்துல) வை. ஒவ்வொரு பட்டனா அமுக்கு. ஒவ்வொண்ணுக்கும் வேற வேற ஓம்ஸ் காட்டினா சிக்னல கீ 1ல நேரா சேர்த்துடலாம். மதிப்பு மாறவே இல்லன்னா, சரியான ஒயரப் பிடிச்சிருக்கோமான்னு முதல்ல பாக்கணும். அது சரியா இருந்தா பட்டன் தகவல் பெரும்பாலும் கேன் லைன்ல, அதாவது வண்டியோட எலக்ட்ரானிக் பாகங்க தங்களுக்குள்ள தகவல் பேசிக்கிற லைன்ல போகுதுன்னு அர்த்தம். அத செட்டுக்குப் புரியிற மாதிரி மாத்திக் குடுக்க அந்த மாடலுக்கான கேன்பஸ் பாக்ஸ் வேணும்.

கார்த்தி: சேர்த்தா உடனே எடுக்குமா மாமா?

செல்வம் மாமா: இல்ல, கத்துக் குடுக்கணும். செட்டிங்ஸ்ல ஸ்டீயரிங் பக்கத்தத் திற. வண்டி பட்டன அமுக்கிப் பிடிச்சுட்டே ஸ்க்ரீன்ல அதுக்கான படத்தத் தொடு. எல்லாம் முடிச்சு சேவ் குடு. அப்புறம் ஹெட்லைட்ட போட்டு மறுபடி எல்லாத்தையும் அமுக்கிப் பாரு. வால்யூம் அமுக்கினா பாட்டு மாறுதுன்னா எர்த் சரியில்ல. விளக்கு எரியும்போது எர்த்ல வோல்ட்டேஜ் ஏறி, செட் படிக்கிற மதிப்பு பக்கத்துப் பட்டனோட மதிப்புக்குப் போயிடும்.

செல்வம் மாமா: செட்டிங் அழியறதுக்கு செட்டோட மஞ்சள், சிவப்பு ஒயர்தான் காரணம். மஞ்சள் எப்பவும் பேட்டரி 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டா மட்டும். சாவிய எடுத்துட்டு மீட்டர் வை. மஞ்சள்ல 12, சிவப்புல 0 இருக்கணும். மாத்திக் குடுத்திருந்தாலோ ரெண்டையும் சாவி லைன்ல சேர்த்திருந்தாலோ ஞாபகம் நிக்காது. ரெண்டையும் பேட்டரில சேர்த்தா செட் அணையவே அணையாது, பேட்டரி இறங்கிடும்.

செல்வம் மாமா: ராத்திரி வெளிச்சத்துக்கு ஆரஞ்சு ஒயர். அத வண்டியோட பார்க் லைட் லைன்ல குடு. விளக்கு போட்டதும் ஸ்க்ரீன் தானா மங்கும். அப்புறம் ராத்திரி பிரைட்னெஸ்ஸ இருட்டுல நிறுத்தி வெச்சு இறக்கு. மேப் எழுத்து தெரியிற அளவு போதும்.

சாந்தி சித்தி: கார்த்தி, வண்டி ஓடும்போதே அதுல வீடியோ ஓடுச்சே? பசங்க பின்னாடி இருந்து பாத்துட்டு வந்தாங்க.

செல்வம் மாமா: அப்ப பிரேக்னு எழுதின ஒயர பாடியில எர்த் பண்ணியிருக்காங்க. அது ஹேண்ட்பிரேக் சுவிட்சுக்குப் போகணும். ஹேண்ட்பிரேக் இழுத்தா எர்த் கிடைக்கும், வீடியோ வரும். இறக்கினா வீடியோ நிக்கும். அதுக்குத்தான் அந்த ஒயரே. இத மட்டும் தள்ளிப் போடாத மாப்ள.

நித்யா: அப்பா சொல்றத அப்படியே செய் கார்த்தி. 60 கிலோமீட்டர் வேகத்துல 2 செகண்ட் கண்ண எடுத்தா வண்டி 33 மீட்டர் போயிருக்கும். அமெரிக்காவோட நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2013ல குடுத்த வழிகாட்டுதல்லயும் ஒரு பார்வைக்கு 2 செகண்ட்தான், ஒரு வேலைக்கு மொத்தமே 12 செகண்ட். உன் ஸ்க்ரீன்ல ஈக்வலைசரத் திறந்து ஒரு கோட்ட நகர்த்துறதுக்கே அது பத்தாது. சவுண்ட் செட்டிங் எல்லாம் வண்டி நிக்கும்போதுதான்.

பாபு சித்தப்பா: இப்ப வர்ற புது வண்டிலயே எல்லாம் டச்தானேம்மா?

நித்யா: அதுலயும் இதே பிரச்சனைதான் சித்தப்பா. 2022ல ஸ்வீடன்ல ஒரு கார் பத்திரிகை 110 கிலோமீட்டர் வேகத்துல சோதிச்சாங்க. ரேடியோ மாத்துறது, ஏசி கூட்டுறதுன்னு நாலு வேலை. பட்டன் வெச்ச 2005 வால்வோல 10 செகண்ட்ல முடிஞ்சுது. டச் வண்டி ஒண்ணுல 44 செகண்டுக்கு மேல ஆச்சு, அதுக்குள்ள 1.3 கிலோமீட்டர் தாண்டிடுச்சு. திருகுற குமிழ கை தானா தேடிப் பிடிக்கும். வழவழன்னு இருக்கிற கண்ணாடியில ஒவ்வொரு தடவையும் கண்ணால தேடணும். ஐரோப்பாவுல வண்டிகளோட பாதுகாப்புக்கு ஸ்டார் குடுக்கிற யூரோ என்கேப் அமைப்பு 2026ல இருந்து இண்டிகேட்டர், ஹசார்ட், ஹார்ன், வைப்பர், அவசர அழைப்பு இந்த அஞ்சுக்கும் தனிப் பட்டன் இருந்தாத்தான் அதுக்கான மார்க் தர்றாங்க.

கார்த்தி: வாய்ஸ்ல சொன்னா கண்ணு ரோட்லயே இருக்குமே அக்கா?

நித்யா: கண்ணு இருக்கும், கவனம் இருக்காது. அமெரிக்காவுல யூட்டா பல்கலைக்கழகத்துல, ஏஏஏங்கிற வாகன ஓட்டிகள் சங்கத்தோட சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளைக்காக 2015ல செஞ்ச ஆய்வுல, வாய்ஸ்ல வேலை முடிச்ச பிறகும் கவனம் முழுசா திரும்ப சில வண்டில 27 செகண்ட் வரைக்கும் ஆச்சு. போன் எடுக்க, வைக்க மட்டும் வாய்ஸ் போதும். மேப்ல ஊர் பேர வீட்டு வாசல்லயே போட்டுடு.

நித்யா: ஸ்டீயரிங்ல வால்யூம் ஏத்த, இறக்க, மியூட், அடுத்த பாட்டு, போன் எடுக்க வெச்சுக்கோ. முதல் பக்கத்துல மேப், பாட்டு ரெண்டு ஐகான் போதும். ஓடுற வால்பேப்பர், மெசேஜ் பாப்-அப் எல்லாத்தையும் நிறுத்து.

சாந்தி சித்தி: பாஸ் வெச்சா கதவு கடகடங்குது, வெளிய ஹார்னும் கேக்கல.

செல்வம் மாமா: அடித்தொனிய தூக்கிக் குடுக்கிற லவுட்னெஸ் செட்டிங்க ஆஃப் பண்ணு. கதவு ஸ்பீக்கருக்கு ஹை பாஸ் ஃபில்டர (கீழ் தொனிய வெட்டுறது) 80 ஹெர்ட்ஸ்ல வை. அதுக்குக் கீழ உள்ள அடித்தொனிய அந்தச் சின்ன ஸ்பீக்கரால தாங்க முடியாது, கதவு பேனலத்தான் ஆட்டும். சாவி போட்டதும் வர்ற வால்யூம கம்மியா வை. ரிவர்ஸ் போட்டா பாட்டு தானா இறங்குற செட்டிங்கும் பெரும்பாலும் இருக்கும், அத ஆன் பண்ணு. பின்னாடி யாராச்சும் கத்தினா கேக்கணும்ல.

கார்த்தி: என்னென்ன வாங்கணும் மாமா?

செல்வம் மாமா: ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினா சுருங்கி ஒயரப் பிடிக்கிற குழாய்) 3 எம்எம், கிரிம்ப் ஜாயிண்ட் (ஒயர அழுத்திச் சேர்க்கிறது) பத்து, துணி டேப் ஒரு ரோல். வெறும் முறுக்கும் பிளாஸ்டிக் டேப்பும் வேணாம், சித்திரை வெயில்ல பசை இளகி டேப் பிரிஞ்சிடும். மைக் ஒயர ஸ்டீயரிங் தண்டுப் பக்கம் கொண்டு போ. கண்ணாடி ஓரத் தூண் வழியா ஏத்தினா, கர்ட்டன் ஏர்பேக் (பக்கக் கண்ணாடிய மறைச்சு விரியிறது) இருக்கிற வண்டில அது விரியிற பாதையில நிக்கும்.

செல்வம் மாமா: ஒயர்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி 10 நம்பர் ஸ்பானரால பேட்டரி நெகட்டிவ்வ கழட்டிடு. ஓம்ஸும் அப்பவே பாத்துடு. 12 வோல்ட் பாக்கும்போது மட்டும் மாட்டிக்கோ. ஞாயித்துக்கிழமை வண்டிய இங்க கொண்டு வா, மீட்டர் என்கிட்ட இருக்கு.