பைப்பிங்: குழாயரிப்பா, புழையரிப்பா, உள்ளரிப்பா?

குழுவினருக்கு வணக்கம். பாலிடெக்னிக் சிவில் மாணவர்களுக்கான பாடம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம், டொக்கோவா ஊருக்கு அருகே இருந்த கெல்லி பார்ன்ஸ் மண் அணை பற்றிய பாடம். மின்சாரத்துக்காகக் கட்டியது, 1957க்குப் பிறகு வெறும் பொழுதுபோக்கு ஏரி. 1977 நவம்பர் 6 அதிகாலை, பெருமழையில் உடைந்து 39 பேர் இறந்தார்கள். சந்தேகிக்கப்படும் காரணங்களில் ஒன்று பைப்பிங். கசியும் நீர் கரைக்குள்ளிருந்து மண்ணை இழுத்துவரும். துளை வெளிப்பக்கம் தொடங்கி ஏரியை நோக்கி வளரும். 'குழாயரிப்பு' என்று போட்டிருக்கிறேன். சரியா?

—

> 'குழாயரிப்பு' என்று போட்டிருக்கிறேன்

வேண்டாம் அம்மா. அந்த அணைக்குள் பழைய மின்நிலையக் குழாயே இருந்தது. குழாய் துருப்பிடித்ததாகத்தான் மாணவர் படிப்பார். 'புழையரிப்பு' என்று வையுங்கள். புழை என்றால் துளை. துதிக்கைக்குப் புழைக்கை என்று பெயர் வந்தது அதனால்தான். புழல் என்பதும் உள்ளே வெற்றிடம் உள்ளதுதான். மலையாளத்தில் ஆற்றையே புழ என்கிறார்கள், ஆலப்புழையைப் பாருங்கள். அப்புறம், கரை உடைவதற்கும் நம்மிடம் பழஞ்சொல் உண்டு. புறநானூறு 118இல் எட்டாம் நாள் பிறைபோல் வளைந்த கரையுள்ள சிறுகுளம் 'கீள்வது மாதோ' என்கிறார் கபிலர். 'கீள்வு' என்று எடுத்துக்கொள்ளலாமே?

—

ஐயா, உடைப்பு என்ற சொல் உயிரோடு இருக்கும்போது கீள்வு எதற்கு?

என் அப்பா நீர்க்கட்டி, அதாவது ஊர் ஏரியைக் கவனித்துத் தண்ணீர் திறந்துவிடுபவர். 'ஏரி நிறைந்தால் கரை கசியும்' என்பார். தெளிந்த கசிவுக்குப் பதறமாட்டார். கலங்கலாக வந்தால் டம்ளரில் பிடித்துத் திண்ணையில் வைப்பார். சற்று நேரத்தில் அடியில் வண்டல் படிந்தால் மண்மூட்டையோடு ஓடுவார். அவர் வாயில் அது 'நண்டு வளை'. அதையே வைத்தால் ஊரில் எல்லோருக்கும் புரியும்.

—

நண்டே இல்லாத கரையிலும் இது வரும், வேர் மக்கிய ஓட்டை வழியாகவும் வரும். கெல்லி பார்ன்ஸ் கரையின் வெளிச்சரிவு ஏறக்குறைய 1:1, அதாவது ஓரடி உயரத்துக்கு ஓரடி அகலம். மண்கரைக்கு அது மிகச் செங்குத்து. 1973லேயே சரிவில் ஒரு பகுதி பெயர்ந்திருந்தது. ஆய்வாளர்கள் ஒற்றைக் காரணம் சொல்லவில்லை. நாமும் நண்டின் தலையில் போடவேண்டாம். மண்ணரிப்பு எல்லோருக்கும் தெரிந்த சொல். 'உள்ளரிப்பு' போதும்.

—

உள்ளரிப்பு பொதுப்பெயர். பைப்பிங் அதில் ஒரு வகைதான். வகைக்குத் தனிப்பெயர் வேண்டாமா?

—

அனைவருக்கும் நன்றி. உள்ளரிப்பு என்றே போடுகிறேன். அடைப்புக்குறிக்குள் 'பைப்பிங்' வரும். டம்ளர் சோதனையையும் பாடத்தில் சேர்க்கிறேன், உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள்.

—

அச்சாகட்டும் அம்மா. என் வகுப்பில் புழையரிப்பு என்றுதான் சொல்லிக்கொடுப்பேன்.