லெகஸி சீக்வல்: 'முதிர்தொடர்ச்சி' சரிவருமா?

வணக்கம் அண்ணன்,

லெகஸி சீக்வல், அதாவது பழைய படத்தின் அதே நடிகர் பல வருடம் கழித்து அதே பாத்திரமாகத் திரும்பி வருகிற தொடர்ச்சிப் படம், அதற்குத் தமிழில் நீங்கள் போட்ட 'மரபுத் தொடர்ச்சி' எனக்கு ஒட்டவில்லை. லெகஸி என்றதும் அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து வைத்த மாதிரி இருக்கிறது. மரபு என்றால் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருவது. இந்தப் படங்களில் அதே ஆள்தான் திரும்பி வருகிறார், ஆனால் வயது போய் வருகிறார். பார்க்கிற நமக்கும் வயது போயிருக்கிறது. அது சொல்லில் தெரிய வேண்டும்.

'இரண்டாம் பாகம்' போதாதா என்று தம்பி கேட்டிருந்தார். போதாது. பொன்னியின் செல்வன் 2022 செப்டம்பரில் வந்தது, அடுத்த பாகம் 2023 ஏப்ரலில். அதற்குள் யாருக்கு நரைத்தது? இந்தியனை எடுங்கள். 1996இல் 41 வயதுக் கமலைக் கிழவராக்க முகம் முழுக்க ஒப்பனை வேண்டியிருந்தது. 2024இல் இரண்டாவது வரும்போது அவருக்கே 69, அப்போதும் ஒப்பனைதான், ஏனென்றால் நேதாஜியின் படையில் இருந்ததாகக் கதை சொல்கிற அவருடைய பாத்திரம் சேனாபதிக்குக் கணக்குப்படி நூறு தாண்டியிருக்க வேண்டும்! 2021இல் காலமான விவேக்கும் நெடுமுடி வேணுவும் அதே படத்தில் வருகிறார்கள். இதையெல்லாம் 'மரபு' எப்படித் தாங்கும்?

ஹாலிவுட்டின் டாப் கன் இன்னும் நல்ல உதாரணம். தொண்டைப் புற்றுநோயால் அதில் நடித்த வால் கில்மரின் குரல் போயிருந்தது, 2022 படத்தில் அந்த நோயை அவருடைய பாத்திரத்துக்கே கொடுத்து, சொல்ல வேண்டியதைக் கணினியில் தட்டச்சுச் செய்ய வைத்தார்கள். முதல் படம் வந்த 1986க்கும் அதற்கும் நடுவில் கழிந்த காலத்தை மறைக்காமல் கதைக்குள் எடுத்துக்கொண்டார்கள்.

'ஏக்கத் தொடர்ச்சி' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல்தான், ஆனால் ஏக்கம் பார்க்கிறவருடையது. டிக்கெட் எடுக்க வைப்பது அதுதான், படத்தில் அது நிறைவேறுமா என்பது வேறு கதை. எங்கள் தோட்டத்தில் அன்றைக்கு வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து, லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் டீவியை வைத்து இந்தியன் பார்த்தவர்களில் பலர் இப்போது ஓய்வு பெற்று, இபிஎஃப் (சேமலாப நிதி) காசு எடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறார்கள். அப்பா இரண்டாவதை என் போனில் பார்த்தார், பாதியிலேயே "இத நிப்பாட்டிட்டு பழசப் போடு" என்றுவிட்டார். இவர் ஏங்கியதற்கும் அந்தப் படத்துக்கும் சம்பந்தமே இல்லை.

ஆகவே என் சொல் முதிர்தொடர்ச்சி. வினைத்தொகை, ஊறுகாய், சுடுசோறு மாதிரி. முதிர்ந்த, முதிர்கிற, முதிரும் மூன்றும் உள்ளே அடக்கம், நடிகர், பாத்திரம், ரசிகர் எல்லாருக்கும் பொருந்தும். 'முதிர்தொடர்' என்று சுருக்கலாமே என்று தோன்றும், வேண்டாம், இங்கே தொடர் என்றால் இரவு டீவியில் போகிற நாடகம்தான். முதிர்கன்னி நினைவுக்கு வருகிறது என்று யாராவது சொல்லப்போகிறீர்கள், தெரியும். முதிர்ச்சியும் அதே வேரில் வந்ததுதானே, அதை யாரும் இழிவாக எடுப்பதில்லை.

உயர்தர வகுப்பில் ஊடகக் கற்கைகள் படிப்பிக்கிறேன், பிள்ளைகள் எல்லாவற்றையும் 'பார்ட் டூ' என்கிறார்கள், அடுத்த தவணைக்குள் பலகையில் எழுத ஒரு சொல் வேண்டும். இதைவிட நல்லது இருந்தால் தாருங்கள். நடிகரின் முகத்தைக் கணினியில் இளமையாக்குவதற்கான சொல்லைத் தனி மடலில் பேசுவோம், இரண்டையும் கலந்தால் ஒன்றும் முடியாது.