டவுசிங், எர்த் எனர்ஜி, லே லைன்: தமிழில் எப்படிச் சொல்வது?

அன்பர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் கல்வட்டங்களைப் பற்றிய கட்டுரைத் தொகுப்பு ஒன்று தமிழாகிக்கொண்டிருக்கிறது. ஏவ்பரி, ரோல்ரைட், கிளாஸ்டன்பரி என்று இடப்பெயர்களில் தொல்லை இல்லை. தொல்லை நான்கு சொற்களில்: டவுசிங் (கோலோ கம்பியோ ஊசலோ பிடித்து நிலத்தடியில் இருப்பதைத் தேடுவது), எர்த் எனர்ஜி (நிலத்தில் ஓடுவதாக அவர்கள் சொல்வது), லே லைன் (பழைய இடங்களை இணைப்பதாகச் சொல்லப்படும் நேர்கோடு), பிளைண்ட் ஸ்பிரிங் (தரைக்கு வராத ஊற்று).

ஒலிபெயர்த்துத் தப்பிக்கவும் வழியில்லை. கையில் கம்பியோடு கல்வட்டத்துக்குள் நடக்கிறவரை 'டவுசர்' என்று எழுதினால் வாசகர் அரைக்கால்சட்டையைத்தான் நினைப்பார். 'லே' என்றால் லடாக் ஞாபகம் வரும். நெல்லைப் பக்கம் என்றால் யாரோ அதட்டிக் கூப்பிட்ட மாதிரி இருக்கும்.

வரைவில் இப்போதைக்கு 'நிலத்தடி ஆற்றல் கண்டறிதல்', 'புவி ஆற்றல்', 'ஆற்றல் கோடு', 'குருட்டு ஊற்று' என்று போட்டிருக்கிறோம். நான்குமே ஒட்டவில்லை. அச்சுக்குப் போகுமுன் முடிவு செய்ய வேண்டும்.

———

> புவி ஆற்றல்

இது வேண்டாம் ஐயா. ஆற்றல் என்பது பள்ளிப் பாடத்திலேயே ஜூலில் அளக்கும் பொருளாக நிலைபெற்ற சொல். கல்வட்டத்தில் நடக்கிறவர்கள் சொல்வதற்கு அலகும் இல்லை, கருவியும் இல்லை. போதாக்குறைக்குப் 'புவிவெப்ப ஆற்றல்' பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. ஐஸ்லாந்தின் மின் நிலையமும் ஏவ்பரியின் கம்பியும் ஒரே தலைப்பில் வந்து விழும்.

> கண்டறிதல்

இது இன்னும் மோசம். கண்டறிந்தார் என்றால் அங்கே அது இருந்தது என்று நாமே சாட்சி சொன்னதாகிவிடும். இருந்ததா என்பதுதானே கேள்வி?

நம் ஊரில் இதற்குப் பெயர் இல்லாமல் இல்லை. கிணறு வெட்டுமுன் 'நீரோட்டம் பார்ப்பது'. போர் போடுகிறவர்கள் வாயில் 'பாயிண்ட் பார்க்கிறது'. வேப்பங்கவை, உள்ளங்கையில் தேங்காய், இப்போது செம்புக் கம்பி. இதில் எனக்குப் பிடித்தது 'பார்த்தல்' என்ற வினை. ஜாதகம், குறி, சகுனம் எல்லாம் 'பார்ப்பது'தான். பார்த்தது பலித்ததா என்ற பொறுப்பை அந்த வினை ஏற்றுக்கொள்வதே இல்லை. ஆகவே 'கோல் பார்த்தல்' என்று வைக்கலாம்.

எர்த் எனர்ஜிக்கு நீரோட்டத்தின் அச்சிலேயே 'தரையோட்டம்'. 'நிலவோட்டம்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், நிலா ஓட ஆரம்பித்துவிடும்.

———

தரையோட்டம் நன்று. 'கோல் பார்த்தல்' எழுத்தில் சரி, வாயில் தப்பு. லகர ளகரத்தைப் பிரித்துச் சொல்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். வானொலியில் வாசித்தால் 'கோள் பார்த்தல்' என்று சோதிடத்துக்குப் போய்விடும். யாராவது 'குறிக்கோல்' என்று தொடங்குமுன் அதையும் மறித்துவிடுகிறேன்: குறிக்கோள்.

ஆனால் கோல் என்ற வேரைக் கைவிட வேண்டாம். பிற மொழிகளும் கையில் இருப்பதை வைத்துத்தான் பெயரிட்டன. கிரேக்க வழி வந்த 'ராப்டோமன்சி'யில் ராப்டோஸ் என்பது கோல். ஜெர்மன் 'வூன்ஷெல்ரூட்டெ'யிலும் ரூட்டெ கோல்தான். சுரங்கவியல் பற்றி அக்ரிகோலா எழுதி 1556இல் வெளியான லத்தீன் நூலும் கவைக்கோல் என்றே பேசுகிறது. வெள்ளிக்குப் பழுப்புக்கொட்டை மரமான ஹேசல், செம்புக்கு ஆஷ் மரம் என்று சுரங்கத்தார் கோலுக்கு மரம் பிரித்ததை எழுதிவிட்டு, நல்ல சுரங்கத்தானுக்கு இது தேவையில்லை என்றும் சொல்லிவிடுகிறார்.

விலகிப் போனது பிரெஞ்சு. பூலி என்ற பாதிரியார் உண்டாக்கிய 'ரேடியெஸ்தெசி'யில் கதிரும் உணர்வும் சேர்ந்திருக்கின்றன. கதிர் ஒன்று வருகிறது, உடல் அதை உணர்கிறது என்று பெயரிலேயே தீர்ப்பு எழுதிவிட்டார். 'கதிருணர்வு' என்று நாம் பெயர்த்தால் அந்தத் தீர்ப்புக்கு நாமும் கையெழுத்துப் போட்டதாகும்.

என் முன்மொழிவு 'கோல்நாடல்'. நாடுதல் தேடிப் போவது. கிடைத்தது என்று சொல்லாது. செய்கிறவர் 'கோல்நாடுநர்', ஓட்டுநர் போல. 'கோல்நாடி' வேண்டாம், நாடி பிடிப்பது குறுக்கே வரும். புணர்ச்சி விதிப்படி 'கோனாடல்' ஆக வேண்டுமே என்பார்கள். கால்நடையைக் கானடை என்று யாரும் எழுதுவதில்லை. கோனும் அரசனுமாகக் குழப்பாமல் விட்டே எழுதலாம்.

———

கோல்நாடல் எனக்கும் சம்மதம். ஆனால் ஊசல் வைத்துப் பார்க்கிறவர் கையில் கோல் இல்லை, நூலில் கட்டிய குண்டுதான் இருக்கிறது. ஆகவே 'நாடல்' பொதுப்பகுதியாக நின்று கோல்நாடல், ஊசல்நாடல் என்று கிளைக்கட்டும். களத்துக்கே போகாமல் வரைபடத்தின் மேல் ஊசலைப் பிடிப்பதை 'வரைபட நாடல்' என்றுவிடலாம்.

களத்தில் நடப்பதை ஒரு முறை எழுதிவிடுகிறேன், சொற்கள் எங்கே தேவைப்படும் என்பது தெரியும்.

கம்பிகள் இரண்டு. 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிப்பு, ஆங்கில எல் எழுத்துப் போல மடக்கியது. நீளக் கை ஏறக்குறைய 40 சென்டிமீட்டர், பிடிக்கும் கை 12 முதல் 15. பிடிக்கும் கையைக் காலிப் பேனாக் கூட்டில் நுழைத்தால் தடையில்லாமல் சுழலும். முழங்கை விலாவை ஒட்டி, முன்கை கிடைமட்டம், கம்பிகள் ஒன்றுக்கொன்று இணை, நுனி மிகச் சற்றே தாழ. நுனி ரொம்பத் தாழ்ந்தால் கம்பி அசையவே அசையாது. மட்டமாகப் பிடித்தால் மூச்சு விட்டாலே ஆடும்.

பிறகு 5 மீட்டர் இடைவெளியில் இணையான நடைவரிகள். கம்பிகள் குறுக்காகும் இடத்தில் அடையாளம். அதே வரியில் எதிர்த்திசையிலும் நடக்க வேண்டும். போகும்போது ஒரு விளிம்பு, வரும்போது மறு விளிம்பு. இரண்டுக்கும் நடுவே ஓட்டத்தின் அகலம் என்று கொள்கிறார்கள். ஆழத்துக்கு 'பிஷப் விதி': ஓட்டத்தின் மேல் நின்று பக்கவாட்டில் விலகி நடந்து, கம்பி மறுபடி எங்கே திரும்புகிறதோ அதுவரை உள்ள தூரமே ஆழம்.

ஏவ்பரி போன்ற இடத்தில் தரையில் முளை அடிக்கக் கூடாது. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட தொல்லிடம் அது. புல்லின் மேல் வண்ணத் தட்டுகளை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, திரும்பும்போது பொறுக்கிவிட வேண்டும். மொழிபெயர்ப்பில் 'கொடி நட்டு' என்று வந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

இங்கே இன்னொரு சொல் வேண்டும். கம்பி அசைவதை ஆங்கிலத்தில் ரியாக்‌ஷன் என்கிறார்கள். 'துலங்கல்' போடலாமா?

———

> துலங்கல்

கூடாது. பாடநூலில் தூண்டலும் துலங்கலும் இரட்டைப்பிள்ளைகள். துலங்கல் என்றால் கீழே தூண்டல் இருக்கிறது என்று ஆகிவிடும். 'கோல்திருப்பம்' போதும். கண்ணில் படுவது அவ்வளவுதான்.

திருப்பம் ஏன் வருகிறது என்பதற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. சாய்ந்த கம்பத்தில் மாட்டிய கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கேட் தானாகப் போய் நிற்கும். கூட்டுக்குள் நிற்கும் கம்பியும் அப்படித்தான். பிடி முன்னால் 2 பாகை சாய்ந்திருக்கும்போது மணிக்கட்டு உள்பக்கம் 2 பாகை உருண்டால் கம்பி 45 பாகை திரும்பிவிடும். 2 பாகை உருண்டது பிடித்தவருக்கே தெரியாது. கவைக்கோலில் கதை வேறு: இரண்டு கிளையையும் வெளிப்பக்கம் வளைத்து வில் போல இறுக்கிப் பிடிப்பதால், மணிக்கட்டு கொஞ்சம் புரண்டாலே நுனி வெடுக்கென்று விழும். பிடித்தவர் 'நான் செய்யவில்லை, அதுவே இழுத்தது' என்பது பொய்யல்ல. அவர் அறியாமல் அவர் கை செய்தது. உடலியல் அறிஞர் வில்லியம் கார்ப்பென்டர் 1852இல் இதைத்தான் ஐடியோமோட்டார் என்றார். நமக்கு 'எண்ண அசைவு' போதுமா, 'அறியா அசைவு' வேண்டுமா? என் ஓட்டு இரண்டாவதற்கு.

ஆகவே கண்ணெதிரே கல் நிற்கும் இடத்தில் கல்லை நோக்கி ஓட்டம் வருவது வியப்பில்லை. சோதிக்க வேண்டுமென்றால், வைத்தவர் யார், பிடித்தவர் யார், குறித்தவர் யார் என்று மூவரும் வேறாக இருக்க வேண்டும். இடத்தைத் தாயக்கட்டை தீர்மானிக்க வேண்டும். 1987–88இல் மியூனிக் அருகே ஒரு தானியக் கொட்டகையில் அப்படிச் செய்தார்கள். கீழ்த்தளத்தில் 10 மீட்டர் கோட்டில் தண்ணீர்க் குழாயை நகர்த்தி வைப்பது, மேல்தளத்தில் நடந்து இடம் சொல்வது. ஏறக்குறைய 500 பேரில் தேறிய 43 பேர், 843 முறை. நடத்தியவர்கள் சிலருக்குத் திறமை உண்டு என்றார்கள். அதே எண்களை எடுத்துப் பார்த்த ஆய்வாளர் ஜிம் என்ரைட், ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டு நடுக்கோட்டைச் சொல்லியிருந்தாலும் ஏறக்குறைய இவ்வளவுதான் கிடைத்திருக்கும் என்று காட்டினார்.

இதைச் சொல்வது யாரையும் குத்திக்காட்ட அல்ல. கலைச்சொல் இரு தரப்பும் பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும். மறுப்பவர் எழுதும் கட்டுரையிலும் 'தரையோட்டம்' நெருடாமல் உட்கார வேண்டும்.

———

லே லைனுக்கு வருவோம். 'ஆற்றல் கோடு' வரலாற்றுப்படியே தவறு.

ஆல்ஃபிரட் வாட்கின்ஸ் 1921இல் ஹெரிஃபர்ட்ஷையரில் வரைபடத்தின் மேல் பார்த்தது ஆற்றலை அல்ல, பாதையை. குன்று, மேடு, நிறுத்திய கல், பழைய தேவாலயம் எல்லாம் ஒரே நேரில் வருகின்றன, ஆதிமனிதர் கண்பார்வைக்கு நேராக வணிகத் தடம் போட்டிருக்கிறார்கள் என்பது அவர் கருத்து. 'லே' என்ற பெயரையும் ஊர்ப்பெயர்களின் ஈற்றிலிருந்து எடுத்தார். காட்டில் திருத்திய வெட்டவெளி என்று பொருள். அதில் ஆற்றல் ஏறியது பின்னால்தான், குறிப்பாக 1969இல் ஜான் மிச்செலின் நூலுக்குப் பிறகு. வாட்கின்ஸுடையதற்கு 'நேர்த்தடம்' என்பேன். ஒற்று மிகுமா என்று நேர்கோட்டுக்கே இன்னும் சண்டை ஓயவில்லை. நான் மிக விடுகிறேன்.

தடமும் ஓட்டமும் ஒன்றல்ல என்பதுதான் முக்கியம். கார்ன்வாலிலிருந்து நார்ஃபோக் கடற்கரை வரை புனித மைக்கேல் நேர்த்தடம் ஒன்று சொல்லப்படுகிறது. கிளாஸ்டன்பரி டோர் குன்றும் ஏவ்பரியும் அதில் வரும். ஹேமிஷ் மில்லரும் பால் பிராட்ஹர்ஸ்ட்டும் கம்பியோடு அதைத் தொடர்ந்து நடந்து 1989இல் வெளியிட்டது வேறு விஷயம்: நேரான தடத்தைச் சுற்றி ஆறு போல வளைந்து வளைந்து போகும் இரண்டு ஓட்டங்கள், ஒன்றுக்கு மைக்கேல், மற்றதற்கு மேரி என்று பெயர். 'லைன்' என்ற ஒரே சொல்லால் இரண்டையும் சொல்லி ஆங்கிலம் குழம்புகிறது. தமிழில் மைக்கேல் நேர்த்தடம், மைக்கேல் ஓட்டம், மேரி ஓட்டம் என்று எழுதினால் குழப்பமே இல்லை. இரு ஓட்டமும் வெட்டிக்கொள்ளும் இடம் 'சந்தி'. கணு வேண்டாம், அலைகளுக்குப் போய்விட்டது.

நேர்த்தடம் பற்றி மொழிபெயர்ப்பாளர் கவனிக்க ஒன்று. வாட்கின்ஸ் காலத்து, மைலுக்கு ஒரு அங்குலம் என்ற வரைபடத்தின் அளவுவீதம் 63,360க்கு 1. பென்சில் கோடு 1 மில்லிமீட்டர் தடித்திருந்தால் நிலத்தில் அது 63 மீட்டர் அகலச் சாலை. ஏவ்பரியின் வெளிவட்டம் குறுக்கே சுமார் 330 மீட்டர். வரைபடத்தில் 5 மில்லிமீட்டருக்குமேல். 'வட்டத்தின் வழியாகச் செல்கிறது' என்றால் நடுவிலா, விளிம்பிலா என்று மூலத்தைப் பார்த்து எழுதுங்கள். 'வழியாக' என்ற நம் சொல் இரண்டையும் விழுங்கிவிடும்.

———

கடைசிச் சொல் பிளைண்ட் ஸ்பிரிங். கல்வட்டங்களில் கோல்நாடிய கை (Guy) அண்டர்வுட் என்பவர் சொன்னபடி, அடியிலிருந்து மேலெழுந்து, தரையைத் தொடாமலே பக்கவாட்டில் பிரிந்து போய்விடும் ஊற்று. கல்வட்டங்களின் நடுவில் இது இருக்கிறது என்பது அவர் கட்சி. 'குருட்டு ஊற்று' வெறும் சொல்லுக்குச் சொல். வெளியே தெரியாமல் உள்ளே இருக்கும் எதற்கும் நம்மிடம் 'ஊமை' இருக்கிறது: ஊமைக்காயம், ஊமைக்குத்து, ஊமைவெயில். 'ஊமையூற்று' என்று வைத்தால் விளக்கமே வேண்டாம்.

———

ஊமையூற்று அருமை. ஆனால் அதன் அடிக்குறிப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். ஏவ்பரியும் ஸ்டோன்ஹெஞ்சும் நிற்பது சுண்ணப்பாறையில். அங்கே நீர்மட்டத்துக்குக் கீழே பாறை முழுக்கவே நனைந்திருக்கும்; குழாய் போல ஓடும் நரம்புகளைத் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை, போதிய ஆழம் தோண்டினால் ஏறக்குறைய எங்கும் நீர். மழைக்காலம் போய்க் குளிரில் மட்டம் ஏறினால் ஏவ்பரி பக்கத்து விண்டர்போர்ன் ஓடை ஓடும், கோடையில் வறண்டுபோகும். நம் கருங்கல் பூமியில் வெடிப்பு கிடைத்தால்தான் தண்ணீர். அதனால் 'நீரோட்டம்' இங்கே ஓரளவு பொருந்தும். ஏவ்பரிக் கட்டுரையில் 'வாட்டர் லைன்' வரும் இடத்தில் நீரோட்டம் என்று போட்டால் நம் வாசகர் நம் ஊர்ப் பாறையை அங்கே கொண்டுபோய் வைத்துவிடுவார். அண்டர்வுட்டின் அந்த வகைக்கு 'நீர்க்கோடு' என்றே விடுங்கள்.

———

எல்லோருக்கும் நன்றி. கோல்நாடல், கோல்நாடுநர், ஊசல்நாடல், தரையோட்டம், கோல்திருப்பம், நேர்த்தடம், சந்தி, ஊமையூற்று, நீர்க்கோடு ஆகியவை சொற்பட்டியலில் ஏறிவிட்டன. அறியா அசைவுக்கு மறுப்பு இருந்தால் இரண்டு நாளில் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் மாட்டிக்கொண்டு நிற்கிறது. அண்டர்வுட் தாம் சொல்லும் கோடுகளில் எல்லா வகைக்கும் பொதுவாக 'ஜியோடெடிக் லைன்' என்கிறார். ஜியோடெசி நில அளவையாளர்களின் துறை. அவர்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை. 'தரைக்கோடு' என்றால் கிரிக்கெட் மைதானம் போல இருக்கிறது.