மோரிஸ் மைனர் இன்ஜின் நம்பர் பிளேட் காணோம், என்ன பண்றது?

மந்தைவெளி_மைனர்:
வணக்கம் மக்களே, தாத்தாவோட மோரிஸ் மைனர் காரு, நாலு கதவு, முன்கண்ணாடி நடுவுல பட்டை வெச்சு ரெண்டா பிரிஞ்ச மாடல், ஆர்.சி. புக்ல 1955னு இருக்கு. ரொம்ப வருஷமா ஷெட்ல கவர் போட்டுக் கிடந்தத இப்பதான் வெளிய தள்ளினோம். அப்பா பேருக்கு மாத்தணும்னா சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் ரெண்டுக்கும் பென்சில் பிரிண்ட் எடுத்துட்டு வாங்கன்னு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. ஆர்.சி.யில இன்ஜின் நம்பர் ஏ.பி.ஹெச்.எம்.னு ஆரம்பிக்குது, ஆனா இன்ஜின் பிளாக்ல பார்த்தா ரெண்டு சின்ன ஓட்டைதான் இருக்கு, பிளேட்டக் காணோம். பிளாக்லயே புடைச்ச மாதிரி ஒரு நம்பர் இருக்கு, அது ஆர்.சி.யோட ஒத்தே போகல. ஒரு புரோக்கர் "அதே நம்பர அடிச்சு ஒரு பிளேட் போட்டுத் தரேன் சார், யாருக்குத் தெரியப் போகுது"ங்கறாரு. பண்ணலாமா? சேசிஸ் நம்பர் எங்க இருக்குன்னும் தெரியல, எல்லாத்து மேலயும் பெயின்ட்.

டைனமோ_மாமா:
தம்பி மொதல்ல அந்த புரோக்கர் நம்பர ஃபோன்ல இருந்து தூக்குங்க. நம்பர் இல்லாத இன்ஜினுக்கு வழி இருக்கு, பொய் நம்பர் அடிச்ச இன்ஜின் மாட்டுச்சுன்னா வண்டியே ஸ்டேஷன் வாசல்ல நிக்கும்.

நீங்க சொல்ற புடைச்ச நம்பர் வார்ப்பு நம்பர், அச்சுலயே வர்றது, ஒரே அச்சுல வார்த்த எல்லா பிளாக்லயும் அதேதான் இருக்கும், அதுக்கும் ஆர்.சி.க்கும் சம்பந்தமே இல்ல. உங்க வண்டில இருக்கிற ஏ சீரீஸ் வகை இன்ஜின்ல நிஜ நம்பர் ஒரு சின்னத் தகடுலதான் இருக்கும், டைனமோ பிராக்கெட்டுக்கு மேல, நம்ம ஊர் வண்டில டிரைவர் பக்கம். ரீபோர் பண்ணும்போதோ, அதாவது தேஞ்ச சிலிண்டரக் கடைஞ்சு பெருசாக்கும்போதோ, பிளாக்க ஆசிட்ல போடும்போதோ கழட்டி வெச்சவன் திரும்ப மாட்டல, அவ்ளோதான், பாதி வண்டில இந்தக் கதைதான்.

இப்ப உங்களுக்கு முக்கியமான கேள்வி அது அதே இன்ஜினாங்கறது. ஏ.பி.ஹெச்.எம்.ன்னா 803 சி.சி., 1952ல இருந்து 56 வரைக்கும் வந்த சீரீஸ் 2 வண்டியோடது, உங்க 1955க்கு சரியாப் பொருந்துது. 56 கடைசியில மைனர் 1000 வந்தப்போ 948 சி.சி. ஆச்சு, அது ஏ.பி.ஜே.எம்., அப்புறம் 9எம்னு மாறிச்சு. 948 அப்படியே உக்காரும்கறதால புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைல கிடைச்சத வாங்கி மாட்டினவங்க நிறைய பேர். ஹெட்டக் கழட்டி போர, அதாவது சிலிண்டர் ஓட்டையோட விட்டத்த, அளந்து பாருங்க, 803ன்னா 58 மி.மீ., 948ன்னா 62.9. ரீபோர் பண்ணியிருந்தா கொஞ்சம் கூட இருக்கும், ஆனா 58 தேஞ்சு 63 ஆகாது. பிளக் ஓட்டை வழியா குச்சி விட்டு ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலயும் கீழயும் போற தூரம், அளக்கிற வேலை வேணாம், ரெண்டுக்கும் 76.2தான்.

ரிவெட்_ராயப்பேட்டை:
மாமா சொன்னது கரெக்ட். சேசிஸ் நம்பருக்கு, பானட்டத் தூக்கி பின்னாடி தடுப்புச் சுவர் மாதிரி இருக்கிற தகட்டப் பாருங்க, அதுல சின்ன பிளேட் இருக்கணும். எமரி பேப்பர், வயர் பிரஷ் எதையும் கிட்டக்கூட கொண்டு போகாதீங்க ப்ரோ, எழுத்து ஆழமே இருக்காது, ரெண்டு தேய்ப்புல போயிடும். பெயின்ட் ரிமூவர் தடவி ஊறவிட்டு பழைய டூத் பிரஷ்ல மெதுவா எடுங்க. அப்புறம் ராத்திரி லைட்ட அணைச்சிட்டு டார்ச்ச பக்கவாட்டுல சாய்ச்சுப் பிடிங்க, பகல்ல தெரியாத எழுத்தெல்லாம் நிழல் விழுந்து எழும்பும். மெல்லிசு பேப்பர் வெச்சு 4பி பென்சில படுக்கப் போட்டு ஒரே திசைல தேய்ங்க. பிளேட்ட மாட்டியிருக்கிறது நடுவுல ஓட்டை உள்ள பாப் ரிவெட்டான்னும் பாருங்க, அப்படின்னா யாரோ நடுவுல கழட்டியிருக்காங்க.

நம்பர் கிடைச்சா முன்னாடி உள்ள எழுத்துக்கும் அர்த்தம் இருக்கு. மொதல் எழுத்து எஃப்ன்னா மைனர், ரெண்டாவது ஏ ரெண்டு கதவு, பி நாலு கதவு, மூணாவது கலர். அப்புறம் வர்ற மொதல் எண் வண்டி எந்த மார்க்கெட்டுக்குன்னு சொல்லும், 1 இங்கிலாந்து, 2 வலது ஸ்டியரிங் எக்ஸ்போர்ட், 5ன்னா வலது ஸ்டியரிங்தான் ஆனா பார்ட் பார்ட்டா பெட்டியில அனுப்பினது. இங்கிலாந்துல கேடன்ல பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் இருக்கு, பழைய ஃபேக்டரி லெட்ஜரப் பார்த்து காசுக்கு சர்டிஃபிகேட் தருவாங்க, பிளேட் போட்டோ கேப்பாங்க. பெட்டியில வந்த வண்டிக்கு விவரம் கம்மியாத்தான் கிடைக்கும்.

பேப்பர்_பாண்டி:
சட்டம் பக்கம் ரெண்டு வார்த்தை. இன்ஜின் மாறியிருந்தா மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுப்படி ஆர்.சி.யில பதியணும், அதனால நடந்தத நடந்தபடி எழுதிக் குடுத்து பிரேக் இன்ஸ்பெக்டர்கிட்ட வண்டியக் காட்டுறதுதான் நல்லது. 2021ல வந்த விண்டேஜ் ரூலும் இருக்கு, 50 வருஷத்துக்கு மேல ஆன வண்டிக்கு வி.ஏ.ன்னு வர்ற தனி நம்பர் சீரீஸ், புது ரிஜிஸ்ட்ரேஷனுக்கு 20,000 ரூபா, 10 வருஷம் செல்லும். ஏற்கெனவே ரிஜிஸ்டர் ஆன வண்டி பழைய நம்பரயே வெச்சுக்கலாம், 1955 வண்டின்னா மெட்ராஸ் காலத்து எம்.எஸ். நம்பரா இருக்கும், அத விட்றாதீங்க. ஆனா சேசிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் செஞ்சிருக்கக் கூடாதுங்கறாங்க, அதனால மாமா சொன்ன அளவு எடுக்காம அந்தப் பக்கம் போகாதீங்க.

மந்தைவெளி_மைனர்:
எல்லாருக்கும் நன்றி. பிளேட் கிடைச்சிடுச்சு, பேட்டரிக்குப் பின்னாடி அண்டர்கோட் அப்பியிருந்தது. சேசிஸ் நம்பர் ஆர்.சி.யோட அப்படியே ஒத்துப் போகுது, பிரிண்ட்டும் தெளிவா வந்திருக்கு. ஹெட்டும் இறக்கியாச்சு, போர் 59க்குக் கொஞ்சம் கீழ, அப்ப 803தான், பிளேட் மட்டும்தான் போயிருக்கு. எழுத்து எஃப், பி, மூணாவது துருல போயிடுச்சு, அதுக்கப்புறம் 5. "லண்டன்ல இருந்து முழுசா கப்பல்ல இறங்கின காரு"ன்னு தாத்தா ஊருக்கெல்லாம் சொல்லி வெச்சிருக்காரு, பாட்டிகிட்ட இத யார் சொல்றது?

டைனமோ_மாமா:
பாட்டிகிட்ட எதுக்கு, கப்பல்லதானே வந்துச்சு, பெட்டியில வந்தா என்ன. அந்தப் பிரிண்ட்டுக்கு ரெண்டு காப்பி எடுத்து வெச்சுக்கோங்க, ஆபீஸ்ல ஒண்ணு கண்டிப்பா தொலையும்.