3.5 நாளில் நன்றாக இருக்கும் கரு 7.5-இல் எங்கே போகிறது?

எலிக்கூடு_மணி (பெங்களூரு):
பிஎச்டி இரண்டாம் வருடம். நாக்அவுட் எலிகளில் (ஒரு ஜீனை நீக்கிய எலிகள்) ஹெட்டிரோவுக்கு ஹெட்டிரோ (ஜீனின் இரு நகல்களில் ஒன்று மட்டும் போனவை) சேர்த்து 52 குட்டிகளுக்கு ஜீனோடைப் (எந்த நகல்கள் இருக்கின்றன என்று) பார்த்தாயிற்று: 35 ஹெட்டிரோ, 17 வைல்டு டைப் (இரு நகலும் உள்ளவை), ஹோமோ (இரு நகலும் போனவை) ஒன்றுகூட இல்லை. சரி, கருவிலேயே சாகிறது என்று கர்ப்பத்தின் 3.5 நாளில் கருப்பையைக் கழுவி எடுத்தால் 40 பிளாஸ்டோசிஸ்டில் (கருப்பையில் பதியுமுன் உள்ள பந்து போன்ற கரு) 11 ஹோமோ, பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. 7.5 நாளில் டெசிடுவா (கருவைச் சுற்றி வளரும் அம்மாவின் கருப்பைத் திசு) வீங்கியிருக்கிறது, சிலவற்றைத் திறந்தால் உள்ளே கருவே இல்லை. அப்படியானால் கரு பதியும்வரை இந்த ஜீன் தேவையில்லை என்று எழுதலாமா? வியாழக்கிழமை லேப் மீட்டிங்.

தாதர்_செல்வி:
அப்படி எழுதாதே தம்பி. அந்த 2:1 விகிதம் (உன் 35-க்கு 17) 1905-இல் பிரெஞ்சு விஞ்ஞானி கெனோ மஞ்சள் எலிகளில் கண்டதுதான், ஹோமோ கருவிலேயே போய்விடுகிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் முட்டையில் அம்மா வைத்துவிட்ட புரதம் இருக்கிறதே? எலியில் இரண்டு செல் கட்டத்திலேயே கருவின் சொந்த ஜீன்கள் விழித்துக்கொள்கின்றன, அம்மாவின் ஆர்என்ஏ பெரும்பாலும் அழிந்துவிடும், புரதம் மட்டும் இன்னும் சில நாள் தாங்கும். செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் ஈ-கேடெரின் புரதத்தின் நாக்அவுட் அப்படித்தான்: எட்டு செல்லில் செல்கள் ஒழுங்காக நெருங்கி ஒட்டிக்கொள்ளும், அம்மாவின் கையிருப்பு தீர்ந்த பிறகு டிரோஃபெக்டோடெர்ம் (பிளாஸ்டோசிஸ்டின் வெளி அடுக்கு) உருவாகாமல் நின்றுவிடும். உன் ஜீனுக்கு ஃபிளாக்ஸ்டு எலி (கிரி நொதி வெட்டி நீக்கும்படி ஜீனில் குறியிட்ட எலி) இருந்தால், வளரும் முட்டையில் மட்டும் கிரியை உண்டாக்கும் ஸிபி3-கிரி எலியோடு சேர்த்து முட்டையிலேயே நீக்கிப் பார், அதற்கப்புறம் 'தேவையில்லை' என்று சொல்.

ஹெப்பால்_ஆய்வாளர்:
'பார்வைக்கு' என்ற சொல்தான் எனக்கு உறுத்துகிறது. ஆக்ட்4 ஜீன் இல்லாத கருவும் பிளாஸ்டோசிஸ்ட் ஆகும், 1998-இல் வந்த பேப்பர், ஆனால் உள்ளே இருக்கும் செல்கள் ப்ளூரிபொடன்ட் (உடலின் எல்லாச் செல் வகையாகவும் மாறக்கூடியவை) இல்லை, டிரோஃபோபிளாஸ்ட் (நஞ்சுக்கொடியாகும் வெளிச் செல்கள்) பக்கம் போய்விடும். அதனால் சிடிஎக்ஸ்2 (வெளிச் செல்களின் அடையாளம்), நானாக் (உட்செல்களின் அடையாளம்) ஆன்டிபாடி போட்டு எண்ணுங்கள், படம் எடுத்த பிறகு ஜீனோடைப் பார்க்க அதே கருவை பிசிஆருக்கு அனுப்பலாம். கொஞ்சம் பிளாஸ்டோசிஸ்டுகளைத் தட்டில் வளர்த்தும் பாருங்கள்: டிரோஃபோபிளாஸ்ட் பரவி, நடுவில் இருக்கும் கட்டி மட்டும் வளராமல் போனால் விடை பாதி கிடைத்த மாதிரி.
இன்னொன்று, 7.5-இல் டெசிடுவாத் துணுக்கு ஒட்டியிருந்தால் ஹோமோவும் ஹெட்டிரோவாகக் காட்டும், அதில் இருப்பது ஹெட்டிரோ அம்மாவின் டிஎன்ஏ. நான் இதில் மூன்று மாதம் இழந்திருக்கிறேன்.

எலிக்கூடு_மணி:
நன்றி அக்கா, நன்றி சார். 7.5 நாள் சாம்பிளை டெசிடுவாவோடு சேர்த்துத்தான் அரைத்திருந்தேன், அதை மறுபடி எடுக்கிறேன். இன்று காலை நான்கு பிளக் (எலி இணைந்ததற்கு அடையாளமான அடைப்பு) கிடைத்திருக்கின்றன.