அலாரம் அடித்தது, டாஃப்னியா (நீர்த்தெள்ளு) துள்ளிக்கொண்டிருந்தது. யாருக்காவது இப்படி நடந்ததுண்டா?

கரித்துணி:
ஆற்றுநீரில் நச்சு வந்தால் எச்சரிக்கும் நுண்ணுயிர் எரிபொருள் செல் சென்சார் இது: பாக்டீரியா தீனியைத் தின்று மின்சாரம் தரும், நச்சு பட்டால் அது சரியும். வழக்கமான அமைப்புதான். கார்பன் ஃபெல்ட் ஆனோடு (பாக்டீரியா எலக்ட்ரானைக் கொடுக்கும் மின்முனை), அதன்மேல் கழிவுநீர்க் கசட்டிலிருந்து வளர்த்த பயோஃபிலிம் (பாக்டீரியாப் படலம்), அசிட்டேட் தீனி, 1000 ஓம் ரெசிஸ்டர். 0.4 வோல்ட்டில் வாரக்கணக்கில் அசையாமல் நின்றது. அன்றிரவு புதிய ஆற்றுநீர் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் பாதிக்குச் சரிந்து அலாரம் கத்தியது. ஓடிப்போய் வால்வை மூடினால், பக்கத்து பீக்கரில் அதே தண்ணீரில் டாஃப்னியாக்கள் ஜாலியாகத் துள்ளுகின்றன! செம்பு, காட்மியம், சயனைடு எல்லாம் சோதித்தாயிற்று. ஒன்றும் இல்லை. அப்படியென்றால் பாக்டீரியாவுக்கு எது ஆகவில்லை?

எட்டு எலக்ட்ரான்:
நச்சே இல்லாமலும் சரியும். தண்ணீரில் ஆக்சிஜனோ நைட்ரேட்டோ இருந்தால் எலக்ட்ரான்கள் ஆனோடுக்கு வராமல் அங்கே போய்விடும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும், அது போதாதா?

எனக்கு நேர் எதிராக நடந்தது. செம்பு கலந்த ஆலைக்கழிவை விட்டேன், மின்னோட்டம் ஏறியது. கழிவோடு வந்த கரிமப்பொருளைத் தின்றுவிட்டு பாக்டீரியா குஷியாகிவிட்டது, செம்பின் பாதிப்பு அதில் மறைந்துபோனது. அதனால் கேளுங்கள்: அசிட்டேட்டை எப்போதும் தேவைக்கு மேலேயே வையுங்கள், தீனி ஏற்ற இறக்கம் சிக்னலில் தெரியாது. ரெசிஸ்டரைத் தூக்கிவிட்டு, ஆனோடின் மின்னழுத்தத்தை மாறாமல் பிடித்துவைக்கும் பொட்டென்ஷியோஸ்டாட் போடுங்கள். ரெசிஸ்டர் இருக்கும்வரை, மறுமுனையான கேத்தோடு கெட்டாலும் பழி ஆனோடு மேல்தான் விழும். பிஹெச், வெப்பநிலை இரண்டையும் கூடவே பதிவு செய்யுங்கள். நச்சில்லாத தண்ணீர் மட்டும் ஓடும் இன்னொரு செல்லைப் பக்கத்தில் வையுங்கள். அப்புறம் முக்கியமாக, இந்த சென்சாரிடம் 'எந்த நச்சு' என்று கேட்காதீர்கள். 'ஏதோ சரியில்லை' என்பதற்கு மேல் அதற்குச் சொல்லத் தெரியாது.

பழைய பிசுக்கு:
எட்டு எலக்ட்ரான், அசிட்டேட்டை அள்ளிக் கொட்டச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. தின்று கொழுத்த பயோஃபிலிம் தடித்துப்போகும். மேலே இருக்கும் பிசுக்கே உலோகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அடியில் உள்ளவை நிம்மதியாக வேலை செய்யும். பிறகு சென்சார் எதற்கு?

நான் பார்த்தது ஃபார்மால்டிஹைடு. விட்டதும் மின்னோட்டம் தரைதட்டியது, செத்துவிட்டது என்றே நினைத்தோம். மறுநாள் எதுவுமே நடக்காததுபோல் பழைய அளவில் நிற்கிறது. அதே அளவை மறுபடி விட்டோம், பாதிகூட இறங்கவில்லை. பழகிவிட்டதா, தாக்குப்பிடித்தவை மட்டும் பெருகிவிட்டனவா என்று இன்றுவரை தெரியாது. ஆனால் ஒருமுறை அடிவாங்கிய ஆனோடை நான் அதன்பின் நம்புவதில்லை.

எட்டு எலக்ட்ரான்:
தடித்தால் ஓட்டத்தைக் கூட்டிச் சீவிவிடலாமே. தீனி குறைந்த செல்லில் கழிவு வந்ததும் ஏறினால் என்ன செய்வீர்கள்? அதற்குப் பதில் சொல்லவில்லை.

கரித்துணி:
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள் :) நைட்ரேட் அளவு சாதாரணம்தான். ஆக்சிஜன் அளவு அன்றைய பதிவில் இல்லை. மீதித் தண்ணீர் குளிர்பெட்டியில் இருக்கிறது. நைட்ரஜன் ஊதி ஆக்சிஜனை வெளியேற்றிவிட்டு மறுபடி விட்டுப் பார்க்கிறேன். சரியவில்லை என்றால் ஆக்சிஜன்தான், இல்லையா?

பழைய பிசுக்கு:
இல்லை. நைட்ரஜன் ஊதினால் ஆவியாகும் கரைப்பான்களும் கூடவே பறந்துவிடும். மின்னோட்டம் சரியவில்லை என்றால், போனது எது என்று எப்படிச் சொல்வீர்கள்? காற்று ஊதிய சுத்தத் தண்ணீரை விடுங்கள். அதற்கும் பாதி விழுந்தால் அப்போது ஆக்சிஜன் என்று எழுதுங்கள்.